ரிகார்டில் இல்லாத மூன்றாவது மடிப்பு

ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொடும் அம்மாவுக்கு,

உனக்கு எழுத்து தெரியாது. அதனால் உனக்கு வந்த எந்தக் கடிதமும் உனக்கு மட்டும் வந்ததாக இருந்ததில்லை. உன் பிறந்த ஊரான கௌதள்ளியிலிருந்து மாமா போடும் கார்டைச் சில நாள் தபால்காரர் வாசிப்பார், சில நாள் பக்கத்து வீட்டுக்காரர் வாசிப்பார், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் வாசித்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். "கேக்கட்டும் உடு அம்மிணி, நம்ம வூட்டுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது?" என்பாய். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் கேட்க எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்க மறப்பதில்லை. அதைத்தான் நீ முதலில் கேட்பாய். பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. மூன்றாம் பாரம் பெண்களுக்குச் சரித்திரம் நடத்துகிறேன். முதல் மாதம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து எழுந்து, ஒன்றும் காதில் விழவில்லை என்று கன்னடத்தில் முறையிட்டார்கள். இப்போது என் குரல் மூன்றாவது பெஞ்சு வரைக்கும் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும்.

சொல்ல வந்த சங்கதி வேறு. துரையின் மெட்டைப் பற்றியது. இதைக் கேட்கிற மற்றவர்களுக்குத் துரை யார் என்று தெரியாதே, அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நஜர்பாத்தில் வேப்பமரம் நிற்கும் பங்களாவில் இருக்கிறார் துரை. ரயில் பட்டறைக்கு இன்ஜினியராக மைசூருக்கு வந்தவர், மனைவி காலமாகி, வேலையும் முடிந்த பிறகு ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்டார். அவரை யாராவது இங்கிலீஷ்காரர் என்றால் உடனே திருத்துவார். அவருக்கு முன்னால் நீ திருத்திவிடுவாய். "அவரு அயர்லாந்துங்க. அது வேற சீமை" என்று நீ கீரைக்காரம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அது எந்தத் திசையில் இருக்கிறதென்று உனக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டீர்கள்.

அப்பா போன பிறகு நீ அந்த வீட்டில் துணி வேலைக்குச் சேர்ந்தாய். நான் அப்போது உன் இடுப்பு உயரம். இட்டிகேகூட்டில் இருந்த நம் வீட்டில் என்னைத் தனியாக விட முடியாமல் கூடவே அழைத்துப் போவாய்.

துரையிடம் ஒரு பிடில் இருந்தது. நம் கச்சேரிப் பிடில் மாதிரியேதான், ஆனால் அவர் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசிப்பார். சாயங்காலம் டீக்கு முன்னால் தினமும் ஒரே மெட்டு. அந்த வகைக்கு ரீல் என்று பெயர். அவர்கள் ஊரில் ஆடுவதற்கென்றே உள்ள வேகமான மெட்டு. ஆலாபனை ஒன்றும் கிடையாது. சின்னச் சின்னப் பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள், கடைசிப் பகுதி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

துரைக்கு அதைக் கொடுத்தது அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குப் பிடில் வாசிக்கத் தெரியாதாம். வாத்தியக்காரர் வராத நாளில் அவர்கள் ஊரில் ஒருவர் வாயாலேயே மெட்டுப் போட, மற்றவர்கள் அதற்கு ஆடுவார்களாம். அப்படி அந்த அம்மா பாடப் பாட, துரையும் அவர் தம்பியும் பிடிலில் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு யார் கொடுத்தார்கள், அது எத்தனை வருஷத்துப் பழசு, துரைக்கே தெரியாது.

நீயும் அதை வாயால்தான் பிடித்தாய். தோட்டத்துக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை நாம் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடிப்போம். உள்ளே பிடில், வெளியே உன் 'தன்னன தானன்னா'. முதல் பகுதிக்கு விரிப்பை இழுத்து உதறி நேர் செய்வது. இரண்டாவதற்கு நின்ற இடத்திலேயே நீளவாக்கில் மடிப்பது. மூன்றாவதற்கு நான் என் முனையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் நடந்து வந்து உன் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே பின்னால் போவது. பகுதி என்றெல்லாம் நமக்கு எங்கே தெரியும்? நீ மடிப்பு என்றாய். முதல் மடிப்பு, ரெண்டாம் மடிப்பு, மூணாம் மடிப்பு.

ஒரு நாள் துரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் இப்படித்தான் எதிரெதிரே போய் வந்து ஆடுவார்கள், விரிப்பு மட்டும் இருக்காது என்றார். நீ முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே மூன்றாவதை முடித்தாய்.

பிறகு ரிகார்டு வந்தது. நான் ஹைஸ்கூலில் இருந்த சமயம், நியூயார்க்கில் இருக்கும் துரையின் தம்பி அனுப்பியது. அவர்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பிழைக்க அமெரிக்கா போய், அங்கே ஒரு கம்பெனிக்கு இந்த மெட்டை வாசித்திருந்தார். அது ரிகார்டில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று துரை சொன்னார். அன்றைக்கு அவருக்கு நடக்கவே தெரியவில்லை, வராந்தாவில் ஓடினார். கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஊசியை வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அதற்குப் பிறகு அவர் தனியாக வாசிப்பதே இல்லை. ரிகார்டைப் போட்டுவிட்டு அதன் கூடவே வாசிப்பார், தினமும்.

அந்த ரிகார்டில் நம் மெட்டுக்கு இரண்டு பகுதிகள்தான். இரண்டையும் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு அந்த மனிதர் வேறொரு ரீலுக்குத் தாவிவிடுவார்.

இனி சொல்லப்போவதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொல்லவில்லை. நான் பி.ஏ. இரண்டாம் வருஷம். விடுமுறை நாள். வராந்தாவில் ரிகார்டு ஓட, துரை வாசிக்க, பட்லர் அந்தோணி மாமா டீத்தட்டோடு நிற்க, நாம் வாசலில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது முடிந்து ரிகார்டு முதலுக்குத் திரும்பியது. நீ மூன்றாவதற்குப் போனாய். இரண்டும் மோதிக் கேட்கச் சகிக்கவில்லை. எனக்கு ஏனோ அவமானமாக இருந்தது. "அது தப்பும்மா. ரிகார்டுல ரெண்டுதான் இருக்கு. மூணாவது நீயா சேத்துக்கிட்டது" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசிய ஒரே நாள் அது.

நீ துரையைப் பார்த்தாய். துரை முதலாவதையே வாசித்துக்கொண்டிருந்தார். தினமும் ரிகார்டோடு வாசித்து வாசித்து அவரும் இரண்டுதான் என்று நம்ப ஆரம்பித்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது; என் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த ரிகார்டு ஓடறதே மூணு நாலு விரிப்பு மடிக்கற நேரந்தான் அம்மிணி. அதுக்குள்ளார அந்த மனுசனும் என்னதான் பண்ணுவான்?" என்றாய். பிறகு, "சரி, ரெண்டுன்னா ரெண்டு" என்றாய். கோபமே இல்லை உன் குரலில். அன்றிலிருந்து முதல் இரண்டையும் பாடுவாய். மூன்றாவது மடிப்பை வாயை மூடிக்கொண்டு மடிப்பாய். நான் உன்னிடம் நடந்து வரும்போது விரிப்பின் சரசரப்பு மட்டும் கேட்கும். அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் அந்தோணி மாமா நம் வீட்டுக்கு வந்தார். துரை கூப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை வா என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். உங்கம்மா பாட்டு ஒண்ணு பாக்கி இருக்காம் என்றார்.

போனேன். துரைக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. பிடிலை உட்கார்ந்துதான் வாசிக்கிறார். தம்பியின் கடிதத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தம்பியை ஒரு சின்ன ரிகார்டு கம்பெனியில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய ரிகார்டைக் கேட்டு இப்போது அங்கே எல்லோரும் அந்த மெட்டை இரண்டு பகுதியாகவே வாசிக்கிறார்களாம். அம்மாவிடம் மூன்று இருந்ததே, மூன்றாவது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது, நீ எழுதி அனுப்பு, இந்தத் தடவை முழுசாக வாசித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். பழைய ரிகார்டில் ஏன் இரண்டு என்றும் எழுதியிருந்தார். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடாது. கம்பெனிக்காரர் இரண்டு மெட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வாசித்தவர் இடம் பத்தாமல் மூன்றாவதை விட்டுவிட்டார்.

அதை வாசித்ததும் எழுத்து ஆடியது, அம்மா. விரிப்பு மடிக்கிற கணக்கில் நீ சொன்னதைத்தான் அவர் நிமிஷக் கணக்கில் எழுதியிருந்தார்.

துரை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு வாரமாக முயல்கிறாராம். இரண்டாவது முடிந்ததும் விரல் தானாக முதலுக்கு ஓடிவிடுகிறதாம். உன் அம்மா அதை விடாமல் பாடினாள், நான்தான் கேட்காமல் போனேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் கப்பல் தபாலில் சேர்த்தால்தான் தம்பிக்கு நேரத்தில் கிடைக்கும்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீ வாயை மூடிக்கொண்ட அந்தக் கடைசி வருஷங்கள்தான் ஞாபகத்தில் நின்றன. துரை தலையாட்டினார். நான் எழுந்து செருப்பு மாட்டும் வரைக்கும் வந்துவிட்டேன். கொடியில் இரண்டு விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தோணி மாமாவை ஒரு முனை பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பி.ஏ. பாஸ் பண்ணது இதுக்கா கண்ணு?" என்றார். ஆனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

முதலாவதைப் பாடினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. துரை வராந்தாவில் பிடிலை மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். மாமா முப்பது வருஷம் மேஜைத்துணி மடித்தவர் இல்லையா, எல்லாவற்றையும் சட்டென்று தன் பக்கமே சுருட்டினார். "நில்லுங்க மாமா. அங்கயே நில்லுங்க. நான்தான் வரணும்" என்றேன். அவர் அப்படியே நின்றார். இரண்டாவது முடிந்தது. முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டடி வைத்ததும் வந்தது அம்மா, உன் குரலில், தாழ்வாக. மூன்றாவதை நீ எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பாடுவாய். நான் கிட்டத்தில் வந்துவிடுவேன் இல்லையா, சத்தம் எதற்கு? ஆனால் எதிரே மாமாவின் நரைத்த மீசை. பாட்டு நின்றுவிட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் செவுத்தப் பாத்துக்கறேன். நீ உங்கம்மாகிட்ட போற மாதிரி வா" என்று சொல்லி, முனையைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மூன்றாவது முழுசாக வந்தது. அது தங்கியிருந்தது என் காதில் இல்லை போலிருக்கிறது, காலில். இன்னொரு தரம். அந்த இரண்டு விரிப்பையும் நாங்கள் பிரித்துப் பிரித்துப் பதினைந்து தடவையாவது மடித்திருப்போம். பிடில் பின்னாலேயே வந்து, பக்கத்தில் வந்து, கடைசியில் என்னைத் தாண்டிப் போனது. நான் நிறுத்திவிட்டேன். துரை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

பிறகு அவர்கள் சுரம் எழுதுகிற, ஐந்து கோடு போட்ட காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நடுவில் பேனா நின்றது. மூன்றாவதின் பாதியில் ஒரு சுரம் நீளமாக நிற்கிறதே, என் அம்மா அந்த இடத்தில் நிற்கவே மாட்டாள், சின்னச் சின்னதாக ஓடுவாள், இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அது நீ குனிகிற இடம். நான் முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போகும்போது, கீழே தொங்குகிற மடிப்பை மண் படாமல் எடுக்கக் குனிவாய். குனிந்து நிமிர்கிற வரைக்கும் அந்த ஒரு சுரத்தை விடாமல் பிடித்திருப்பாய். அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அப்படியானால் அது தப்பு, உங்கள் அம்மாவுடையதையே எழுதுங்கள் என்றேன். பார், உன்னை மறுபடியும் திருத்தப் பார்த்தேன்.

துரை காலால் தாளம் போட்டுக்கொண்டு அந்த இடத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். சரியாக இரண்டு அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் தாளத்துக்குள்ளேதான் குனிந்திருக்கிறாள், ஆடுகிற கால் எதுவும் இதில் தடுக்காது என்றார். பிறகு அவர் சொன்னதை இங்கிலீஷிலேயே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். உனக்குத் தமிழில் சொல்கிறேன்: "ஒவ்வொரு பகுதியும் இரண்டு தரம் வருகிறது அல்லவா? முதல் தரம் என் அம்மா. இரண்டாம் தரம் உன் அம்மா."

அப்படியே எழுதி, உறையில் போட்டு, அந்தோணி மாமாவைத் தபாலாபீசுக்கு அனுப்பினார். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். ஒரு மைல் தூரம் நடந்தும் கால் வலிக்கவில்லை.

அப்புறம் தினமும் கவலைதான். கடிதம் நேரத்தில் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தாலும், நியூயார்க்கில் இருக்கிற ஒரு மனிதர் கௌதள்ளிக்காரி குனிந்த இடத்தில் எதற்காக நிற்கப்போகிறார்? எழுதியதில் ஏதோ பிழை என்று நினைத்து அடித்துவிட மாட்டாரா? நான் என்றால் அடித்திருப்பேன்.

தசரா கூட்டம் கலைந்து ஊர் அமைதியான பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை ரிகார்டு வந்து சேர்ந்தது. துரை பிரிக்காமல் வைத்திருந்தார், நான் போகட்டும் என்று. பெட்டியிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டு, துடைத்து, கிராமபோனில் வைத்தோம். ஒரு பக்கம் முழுவதும் ஒரே மெட்டு. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் தம்பியின் பெயரும் மெட்டின் பெயரும் இருக்கின்றன. உன் பெயர் இல்லை. அந்த இன்னொரு அம்மாவின் பெயரும் இல்லை. உனக்கு அதில் வருத்தம் உண்டா?

முதலாவது இரண்டு தரம். இரண்டாவது இரண்டு தரம். மூன்றாவது ஆரம்பித்தது. என்னால் உட்கார முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தரம் அந்த இடம் ஓடையில் தண்ணீர் மாதிரி சலசலவென்று ஓடிப்போனது. துரை தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். அவருடைய அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டாம் தரம் வந்தது. பிடில் நின்றது. ஒரே சுரம், நீளமாக, இரண்டு அடி.

"ஆ, குனிஞ்சிட்டா பாரு உங்கம்மா" என்றார் அந்தோணி மாமா.

நிமிர்ந்தும் விட்டாய், அம்மா. மண் படவில்லை.

ரிகார்டு ஓடி முடிந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டியதை அந்த வராந்தாவிலேயே சொன்னேன்: மூணாவது அம்மா சேர்த்ததில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று. இரண்டு பேரும் கேட்டார்கள். துரை எழுந்து, ரிகார்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

இனிமேல் வீட்டில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம், தனியாக மடித்தாலும் சரி, பக்கத்து வீட்டில் கேட்டாலும் சரி, மூன்றையும் வாய்விட்டுப் பாடுவேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம். குனிகிற இடத்தில் குனிவேன்.

இப்படிக்கு,
உனக்கு எதிர் முனையைப் பிடித்து வளர்ந்த மகள்,
அம்மிணி